கரகரப்பிரியாவுக்கு நடுவே ஓர் அறிவிப்பு

“மேடம், ஒரு நாள் முழுக்க கர்நாடக சங்கீதம் மட்டுமே போட்டீங்களாமே. செம ஜாலியா இருந்திருக்கும்ல?”

நான் வேலை பார்த்த வானொலி நிலையத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் நினைவு மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். அதற்குக் கட்டுரை கேட்டு வந்த பெண் இப்படித்தான் ஆரம்பித்தாள். ஜாலி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் ஒரு நாளுக்கான நிகழ்ச்சிகளை முதல் நாளே கம்ப்யூட்டரில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு ஒரு நாள் என்றால் விடியலில் தொடங்கி ராத்திரி வரைக்கும் எரிச்சல். எழுதித் தருகிறேன், ஆனால் இனிக்க இனிக்க எழுத வராது என்று சொல்லித்தான் அவளை அனுப்பினேன்.

அறுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியில் சங்கீதம் படித்தவள் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். சங்கீதத்துக்கும் நான் செய்த வேலைக்கும் இருந்த சம்பந்தம் கொஞ்சம்தான். ஆறு மாதப் பயிற்சியில் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலிருக்கப் பழகினேன். பிறகு டியூட்டி ஆபீசர் ஆக்கினார்கள். அதாவது, என் முறை வரும் நாளில் காற்றில் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நான் பொறுப்பு. பாடகர் வராவிட்டாலும், டேப் அறுந்தாலும், அறிவிப்பாளருக்குத் தும்மல் வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

யாருக்குப் பதில் சொல்வது? உதவி இயக்குநர் வேதாசலம் சாருக்கு.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் இரண்டு பென்சில்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பில் எழுதினால் உத்தரவு, நீலத்தில் எழுதினால் கேள்வி. குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. பேசியதே குறைவு. அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே பத்தடி தூரம் இருந்திருக்கலாம். அந்தப் பத்தடியையும் அவருடைய கேள்விகள் ப்யூன் கையில் தாளாகத்தான் கடந்து வரும். நேரில் போய், “சார், இதுக்கு என்ன பண்றது?” என்று கேட்டால் தலையை நிமிர்த்தாமல் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளுவார். அதில் எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

ஒரு முறை ஒரு வீணைக் கச்சேரி பதினோரு விநாடி முன்னாலேயே முடிந்துவிட்டது. மறுநாள் காலை நீலப் பென்சிலில் தாள் வந்தது: “பதினோரு விநாடி எங்கே போயிற்று?” அந்தப் பதினோரு விநாடிக்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றையும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு நாள் முழுவதும் சாஸ்திரிய சங்கீதம் மட்டும் ஒலிபரப்ப வேண்டும், சினிமாப் பாட்டு ஒன்றுகூட வரக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. செய்திகளை எடுக்க முடியாது. வானிலையை எடுக்க முடியாது. விவசாயப் பிரிவுக்காரர் தம்முடைய அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். “சங்கீதம்தானே வேணும்? உரம் போடுறதைப் பத்தி ஒரு விருத்தம் பாடச் சொல்றேன்” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பாடுவதற்கு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைய டியூட்டி எனக்கு. விடியற்காலை நாகஸ்வரத்தில் தொடங்கி, மதியம் வரைக்கும் எப்படியோ நடந்தது. நடுநடுவே டெலிபோன். “ஏம்மா, பாட்டு எப்போ போடுவீங்க?” என்று ஒருவர் தேனாம்பேட்டையிலிருந்து கேட்டார். இப்போது போய்க்கொண்டிருப்பது பாட்டுத்தான் என்றேன். “அது இல்லம்மா, பாட்டு” என்றார்.

அன்றைக்கு மகுடம் மாதிரி இருக்க வேண்டியது மாலைக் கச்சேரி. ஐந்தே முக்காலிலிருந்து ஏழேகால் வரை, ஒன்றரை மணி நேரம், நேரடி ஒலிபரப்பு. மயிலாப்பூரில் ஒரு பெரிய வித்வான் பாடுவதாக ஏற்பாடு. ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வந்துவிடும். அதற்கு ஒரு விநாடி பிந்தினாலும் வித்வானின் மங்களம் பாதியில் அறுந்துபோகும்.

மூன்று இருபதுக்கு வித்வான் வீட்டிலிருந்து போன். அவருடைய மனைவி.

“மாமாவுக்குக் காத்தாலேர்ந்து தொண்டை கட்டிண்டிருக்கு. பேசவே முடியலை. இன்னிக்கு வரதுக்கில்லேன்னு சொல்லச் சொன்னார்.”

“மாமி, இன்னும் ரெண்டரை மணி நேரம்தான் இருக்கு. ஏதாவது கஷாயம்...”

“எல்லாம் குடுத்தாச்சு.” பிறகு குரலில் சூடு ஏறியது. “உங்க ரேடியோ பத்திரிகையிலே மாமா படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டிருக்கேளே, யார் பண்ற வேலை அது?”

தொண்டை எங்கே கட்டியிருக்கிறது என்பது புரிந்தது. வானொலி நிகழ்ச்சிகளை அச்சிட்டு வெளியிடும் அந்தப் பத்திரிகைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைச் சொல்லிப் பிரயோசனமில்லை. போனை வைத்தேன்.

அன்று பெரிய முகூர்த்த நாள். மேல்தரக் கலைஞர்கள் அத்தனை பேரும் கல்யாணக் கச்சேரிகளுக்குப் போயிருந்தார்கள். ஒன்பது வீடுகளுக்குப் போன் செய்தேன். ஒருவரும் இல்லை. பட்டியலில் கீழே, கீழே என்று போனபோது மரகதம் என்ற பெயரில் விரல் நின்றது. நாற்பத்தெட்டு வயது இருக்கும். சாந்தோம் பக்கம் ஒரு சந்தில் வீடு. பெண் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். வருடத்துக்கு இரண்டு தடவை மத்தியான வேளையில், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், அரை மணி பாடிவிட்டுப் போவார். கொஞ்சம் கரகரத்த, அடங்கிய குரல். எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அவர் பி தரம். எங்கள் நிலையத்தில் கலைஞர்களுக்குத் தேர்வு வைத்துத் தரம் பிரித்திருந்தார்கள். பி தரத்துக்கு ஒரு தடவையில் அரை மணிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. வேதாசலம் சாரிடம் ஓடினேன். வெள்ளைத் தாளைத் தள்ளினார். எழுதினேன். படித்தார். நீலப் பென்சிலை எடுத்தார், வைத்தார். பிறகு சிவப்பை எடுத்தார்.

“அரை மணி வீதம் மூன்று நிகழ்ச்சிகள். மூன்று ஒப்பந்தப் படிவங்கள். 6.15க்கும் 6.45க்கும் நிறைவு அறிவிப்பும் தொடக்க அறிவிப்பும் தனித்தனியே தர வேண்டும்.”

அதாவது, ஒருவரே தொடர்ந்து பாடிக்கொண்டிருப்பார். நடுவில் அறிவிப்பாளர் புகுந்து, இத்துடன் மரகதம் அவர்களின் பாட்டு நிறைவுபெற்றது என்று சொல்லி, அதே மூச்சில், அடுத்து மரகதம் அவர்களின் பாட்டு என்று சொல்ல வேண்டும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நேரம் இல்லாததால் அடித்துக்கொள்ளவில்லை.

நிலைய வேனில் கிளம்பினேன். டிரைவர் முனுசாமி சந்துக்குள் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

“மேடம், அந்தம்மா வூட்ல இல்ல. கெரசின் வாங்க க்யூல நின்னுகினு கீதாம்.”

கடைக்குப் போனோம். நீண்ட வரிசை. பாதிக்கு மேல் முன்னே வந்து, கையில் தகர டின்னோடு மரகதம் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என்னை ஒரு முறை பார்த்தார். வரிசையை ஒரு முறை பார்த்தார்.

“ஒன்றரை மணி நேரமா? எனக்கா?”

“உங்களுக்குத்தான். உடனே கிளம்பணும்.”

“எனக்கு முன்னால எட்டுப் பேருதாங்க இருக்காங்க. ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். வாங்கிட்டு வந்துடறேனே.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முனுசாமிதான் முன்னால் போனார்.

“இன்னா நைனா, இந்தம்மா ரேடியோல பாடப் போவுது. அல்லாரும் கொஞ்சம் கம்முனு நில்லுங்க, அது மொதல்ல வாங்கிகினு போவட்டும்.”

முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் வழி விட்டார்கள். ஒரு கிழவர் மட்டும், “இன்னாத்த பாடப் போறே?” என்று கேட்டார். மரகதம், “இன்னும் யோசிக்கலைங்க” என்றார்.

வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்ற வேண்டும் என்றார். ரேடியோவில் புடவை யாருக்கும் தெரியாது என்றேன்.

“எனக்குத் தெரியும்ல” என்று உள்ளே போனார்.

நாலே முக்காலுக்கு நிலையத்துக்குத் திரும்பினோம். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் எங்கள் நிலைய வித்வான்களே. அவர்களுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. பெரியவருக்கு வாசிக்கக் காத்திருந்தவர்கள். மரகதம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தம்புராவைக் காதோடு வைத்துச் சுருதி சேர்த்தார். மூன்று படிவங்களில் கையெழுத்துப் போடச் சொன்னபோது மட்டும், “மூணு பேரா பாடணும்?” என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

ஐந்தே முக்காலுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் அரை மணியில் ஒரு வர்ணமும் இரண்டு கீர்த்தனைகளும். சுத்தமாக இருந்தன. ஆறேகால் அறிவிப்பு இரண்டு பாட்டுக்கு நடுவே சரியாக விழுந்தது. அபத்தமாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரும் சாகவில்லை. அடுத்து ஒரு சின்னப் பாட்டு. அதை முடித்துவிட்டுக் கரகரப்பிரியா ராகத்தை எடுத்தார்.

அவர் அதை எடுத்த விதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவசரமே இல்லை. கீழ் ஸ்தாயியில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தேடுகிற மாதிரி இருந்தது. வயலின்காரர் முதலில் கடனே என்று வில்லை இழுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வில்லை நிறுத்திவிட்டு அந்த அம்மாளையே பார்த்தார். அந்தக் கரகரத்த குரல் மேலே போகப் போகத் திரண்டு வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டறையில், இன்ஜினியர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

மணி ஆறு நாற்பத்து நான்கு. அறிவிப்பாளர் தம் அறையில் மைக்கை நெருங்கி என்னைப் பார்த்தார். நான் விரலைக் காட்டினால் பாடகரின் ஒலியைக் குறைத்துவிட்டு அவர் பேச வேண்டும். எனக்குப் பின்னால் கதவு திறந்தது. வேதாசலம் சார். வழக்கமாக அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

கடிகார முள் ஏறிக்கொண்டிருந்தது. மரகதம் மேல் ஷட்ஜத்தில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தவில்லை. ஆறே முக்கால் தாண்டியது. அறிவிப்பாளர் கண்களை உருட்டினார். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னும் நாலு நிமிடம் ராகம் போயிற்று, பிறகு கீர்த்தனை, பிறகு ஸ்வரம். மங்களத்தை ஏழு பதினான்கு ஐம்பதுக்கு முடித்தார். செய்திக்குப் பத்து விநாடி மிச்சம். திரும்பினேன். வேதாசலம் சார் இல்லை.

டியூட்டி அறையில் டெலிபோன் ஓயவில்லை. அசோக் நகரிலிருந்து ஒருவர், “யாருங்க அது? பேரைத் திரும்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார். மரகதம் வாசலில் காவலாளியிடம் விட்டு வைத்திருந்த கெரசின் டின்னை எடுத்துக்கொண்டு முனுசாமியின் வேனில் வீடு திரும்பினார்.

மறுநாள் காலை நீலப் பென்சில்: “6.45 அறிவிப்பு ஏன் தரப்படவில்லை?”

ராகம் நடந்துகொண்டிருந்தது என்று எழுதினேன். மாலையில் அடுத்த தாள்: “ராகம் எத்தனை மணிக்கு முடியும் என்று கலைஞரிடம் முன்கூட்டியே கேட்கப்பட்டதா?” இல்லை என்றேன். “மூன்றாவது ஒப்பந்தத்தின்படி நிகழ்ச்சி எப்போது தொடங்கியதாகக் கொள்வது?” இப்படியே ஒரு மாதம். ஒருவேளை அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரைக் கேட்டிருப்பார்கள், அதனால் அவர் என்னைக் கேட்டிருப்பார். அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவர் மேசையிலிருந்து தாள் வந்தாலே ஓரமாகத் தள்ளி வைக்க ஆரம்பித்தேன். கடைசியில் படிப்பதையே விட்டுவிட்டேன். ப்யூன் கொண்டுவருவார், அடியில் கையெழுத்துப் போடுவேன், அவர் எடுத்துப் போவார்.

நேரடி ஒலிபரப்பு என்றாலும் அந்தக் கச்சேரியை டேப்பில் பதிவு செய்திருந்தோம். ஒரு மாதம் கழித்து மரகதம் நிலையத்துக்கு வந்தார்.

“மறு ஒலிபரப்பு எப்பங்க? நான் பாடினதை நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டுக்காரரும் கேக்கல. அன்னிக்கு அச்சாபீஸ்ல வேலை, மெஷின் சத்தத்துல ரேடியோ வெச்சும் ஒண்ணும் காதுல விழலையாம்.”

“கண்டிப்பா போடுறோம்” என்றேன். ஒரு நாள் குறித்தேன். அன்றைக்குக் கிரிக்கெட் வர்ணனை வந்து நேரத்தை எடுத்துக்கொண்டது. இன்னொரு நாள் குறித்தேன். அதுவும் தள்ளிப்போயிற்று. இதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது.

மூன்றாவது முறை இடம் கிடைத்தபோது, முந்தின நாளே டேப்பை வரவழைத்துப் போட்டுப் பார்த்தேன். தென்னை மரத்தைத் தாக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்.

டேப் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மரகதத்தின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. புது டேப் எளிதில் கிடைக்காத காலம் அது. ஒலிபரப்பு முடிந்த பதிவுகளை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு பதிவு செய்வது வழக்கம். அழிப்பதற்கு முன் பட்டியல் போட்டுச் சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். டேப் அறைக்கு ஓடினேன். எந்தப் பாவி கையெழுத்துப் போட்டது என்று கத்திக்கொண்டேதான் போனேன். அங்கிருந்தவர் கோப்பைத் திறந்து காட்டினார்.

நான்கு பக்கப் பட்டியல். மூன்றாம் பக்கத்தில் மரகதம். அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் நீலப் பென்சிலில் குறுக எழுதியிருந்தது: “இது அன்றைய கச்சேரி அல்லவா? வைத்துக்கொள்ளலாமே. தங்கள் கருத்து?” பட்டியலின் அடியில் என் கையெழுத்து.

வேதாசலம் சாரின் அறைக்குப் போனேன். அவர் தள்ளிய வெள்ளைத் தாளை அன்றைக்கு நான் தொடவில்லை.

“நீங்களே வெச்சிருக்கலாமே சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “பி தரப் பதிவை வைக்கணும்னா அன்னிக்கு டியூட்டில இருந்தவங்க பரிந்துரை வேணும். அதான் கேட்டேன். நீங்க ஒண்ணும் எழுதாம கையெழுத்துப் போட்டீங்க. வேண்டாம்னு நினைக்கிறீங்க போலிருக்குன்னு விட்டுட்டேன்.” பென்சிலைப் பையில் செருகினார். “ரொம்ப நல்லாப் பாடினாங்க. ராகம் முடியற வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் போனேன்.”

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் தொடர்ச்சியாகப் பேசியது அவ்வளவுதான்.

அன்று மாலையே சாந்தோமுக்குப் போனேன். நாலு பெண் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். மரகதம் அவர்களை அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“அழிச்சுட்டாங்களா?” என்றார்.

“நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“தெரிஞ்சா?”

“படிக்காம.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து பாயைச் சுருட்டினார். சுவரில் சாய்த்து வைத்தார். “அதையாச்சும் படிச்சுட்டுப் போட்டிருக்கலாம்” என்றார். பிறகு, “எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேணாம். இன்னும் எப்போ எப்போன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நானே பாத்துக்கறேன்” என்றார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அந்த மரியாதைதான் என்னை அறைந்தது.

அடுத்து அவருக்கு ஒரு மத்தியான அரை மணி வந்தது. அன்று டியூட்டி இல்லாவிட்டாலும் போய் உட்கார்ந்தேன். மரகதம் வந்தார், கையெழுத்துப் போட்டார், பாடினார். கரகரப்பிரியாவையே பாடச் சொல்லிக் கேட்டிருந்தேன். பாடினார். ஒரு தப்பும் இல்லை. பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. குரலும் அன்று சரியாக எழும்பவில்லை. பாடி முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் தம்புராவுக்கு உறை போட்டார்.

அந்தப் பதிவுக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பரிந்துரை எழுதினேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்து, ஒரு பிழையில்லாமல் எழுதினேன். வேதாசலம் சார் ஒரு கேள்வியும் கேட்காமல் சிவப்பில் ஒப்புதல் கொடுத்தார். அந்த டேப் இன்னும் நிலையத்தில் இருக்கிறது. மரகதம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் பாடியதில் மிச்சம் இருப்பது அந்த அரை மணி மட்டும்தான். எப்போதாவது ஒலிபரப்புகிறார்கள். சென்ற முறை ஒலிபரப்பானபோது பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு, “பரவாயில்ல, சுமாரா பாடியிருக்காங்க” என்று என்னிடம் சொன்னார்கள். ஆமாம், சுமார்தான் என்றேன்.